ஆரஞ்சு நிற வயிறுகள்

"வயித்தைக் காட்டுங்க."

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. கோயம்புத்தூரிலிருந்து வீடியோ அழைப்பில் என் மனைவி சுமதி. மறுநாள் அவளுடைய தங்கைக்கு வளைகாப்பு. அதற்கு வந்திறங்கிய சொந்தக்காரக் கூட்டம் அவளுக்குப் பின்னால் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம், புனேயில், வாகட் பகுதியில், எங்கள் ஆறாவது மாடி வீட்டுக் கூடத்தில் நான். அலுவலகப் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

முந்தைய நாள் மாலையும் இதையேதான் கேட்டாள். உடனே பனியனைத் தூக்கி என் வயிற்றைக் காட்டினேன். "அதைத்தான் இருவத்திரண்டு வருசமா பாக்கறேனே, மீன் வயித்தைக் காட்டுங்க" என்று சிரித்தாள். அன்றைக்குக் காட்ட மீனின் வயிறும் இருந்தது, என்னிடம் தைரியமும் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டும் இல்லை.

கூடத்தில் சத்தமே இல்லை. இரண்டு நாட்களாக இரவும் பகலும் களகளவென்று கொதித்துக்கொண்டிருந்த இரண்டு பாட்டில்களும் வாயை மூடிக்கொண்டு நின்றன. நான் ஒரு கையில் கைப்பேசியும் இன்னொரு கையில் ஒரு பாட்டிலுமாக நின்றேன். பாட்டிலின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு படிவு. மூக்கருகே கொண்டுபோனேன். மீன் மார்க்கெட்டைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாசம்.

"என்னுங்க, காதுல விழுதா? பொடுசுக வயித்தைக் காட்டுங்க."

"நெட்டு சரியில்ல அம்மிணி. வீடியோ எடுத்து அனுப்பறேன், இரு."

நெட்டு சரியில்லை என்பது மட்டும் உண்மை. அதற்கான காரணமும் நான்தான் என்பது பின்னால் வரும். அழைப்பைத் துண்டித்தேன். காலையில் எடுத்து வைத்திருந்த ஒரு வீடியோவைத் தேடி, இப்போதுதான் எடுத்ததுபோல அனுப்பினேன். அதில் மீன் குஞ்சுகள் ஆரஞ்சு வயிற்றோடு ஜம்மென்று நீந்திக்கொண்டிருந்தன.

அவள் ஒரு கட்டைவிரலும் ஒரு இதயமும் அனுப்பினாள். போன வாரம் இந்தத் தொடரில் நான் மராத்தி கற்றுக்கொண்ட கதையைப் படித்த வாசகர் ஒருவர், "நீங்கள் உங்களை ரொம்பக் குறைத்துச் சொல்லிக்கொள்கிறீர்கள்" என்று அன்போடு எழுதியிருந்தார். ஐயா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

மூக்குப்பொடி போல ஒரு தூள்

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

சுமதியிடம் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் உண்டு. தட்டையாக, முக்கோணமாக, நீளத் துடுப்புகளோடு, கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கசங்காமல் நடக்கும் அத்தைமார்கள்போல நீந்தும். மூன்று வருடங்களாக அவை முட்டையிடுவதும், மறுநாள் காலையில் அந்த முட்டைகளைத் தாங்களே தின்றுவிடுவதுமாக இருந்தன. நான் அதைப் பற்றி நிறைய ஜோக் அடித்திருக்கிறேன். சுமதி ஒன்றுக்கும் சிரித்ததில்லை.

இந்தத் தடவை அவள் முட்டை ஒட்டியிருந்த இலையையே வெட்டியெடுத்து ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றினாள். பொரித்தன. சில நாட்கள் இலையிலேயே ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டின. பிறகு ஒரு நாள் காலையில் எல்லாம் ஒன்றாக இலையை விட்டு எழும்பி நீந்தின. அறுபதோ எழுபதோ இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காற்புள்ளி அளவு. சுமதி வீடு முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். மைக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்து, "அட, கமா" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கியிருந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

நீந்தத் தொடங்கிய ஏஞ்சல் குஞ்சுக்கு உயிருள்ள சாப்பாடு வேண்டும். வாய் ஊசிமுனை அளவு. அதற்குள் போகிற உயிருள்ள பண்டம் உலகத்தில் சில வகைதான். அதில் சிறந்தது உப்புநீர் இறால் குஞ்சு. மீன் வளர்ப்பவர்கள் ஆர்ட்டீமியா என்பார்கள். அதன் முட்டை பார்ப்பதற்கு மூக்குப்பொடிபோல இருக்கும். வறண்டு, தூளாக, ஒரு டப்பாவுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். உப்புத் தண்ணீரில் போட்டு, அடியிலிருந்து காற்று விட்டு, வெளிச்சமும் வெதுவெதுப்பும் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் விழித்துக்கொள்ளும். உயிர் என்கிற சமாச்சாரம் இவ்வளவு பொறுமையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு லிஃப்ட் வரும்வரைகூடக் காத்திருக்க முடியாது.

அந்த இறால் குஞ்சு ஆரஞ்சு நிறம். மீன் குஞ்சின் உடம்போ கண்ணாடி. ஆகவே, தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும், தின்னாததன் வயிறு வெறுமையாகத் தெரியும். மறைக்கவே முடியாது. "வயித்தைக் காட்டுங்க" என்பதன் பொருள் இதுதான்.

பதினான்கு கட்டளைகள்

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய அதே வாரம்தான் தங்கையின் வளைகாப்பு. எட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு வந்த வளைகாப்பு. போகாமல் இருக்க முடியாது. எனக்கோ வெள்ளிக்கிழமை கட்டாயம் ஹிஞ்சவடி அலுவலகத்தில் தலையைக் காட்ட வேண்டிய நிலை.

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சுமதி ஜன்னலோரத்துக் காலிப் பூந்தொட்டியைப் பார்த்தாள். "மணி பிளான்ட்டையே சாகடிச்ச மனுசன் நீங்க."

"அது தற்கொலை."

"பாருங்க, இதான். இப்பவே ஆரம்பிச்சுட்டீங்க."

கிளம்புவதற்கு முன் பதினான்கு கட்டளைகளை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவள் இணையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள். கையெழுத்திலேயே ஒரு கண்டிப்பு இருக்கும். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்கள் இரண்டு. அடிப்பாகத்தை வெட்டி, தலைகீழாக, குளியலறை மக்குக்குள் நிற்க வைத்திருந்தாள். மூடி கீழே, வெட்டிய வாய் மேலே. காற்றுக் குழாய் மேலிருந்து மூடிவரை இறங்கும். ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தாள். ஒன்றில் இருப்பதை அள்ளிக்கொண்டிருக்கும்போது இரண்டு பொரித்துக்கொண்டிருக்கும். இரண்டை அள்ளும்போது ஒன்று. ஒரு வேளைகூட இடைவெளி வரக் கூடாது.

உப்புக்கு அயோடின் போட்ட பொடியை அவள் தொடமாட்டாள், கல்லுப்புதான். அளந்து போட்ட பிறகும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள், ரசத்துக்குப் பார்ப்பதுபோல. "நானும் பாக்கணுமா?" என்று கேட்டேன். "நீங்க ரசத்துக்கே சரியாச் சொன்னதில்லை. அளந்து போட்டாப் போதும்" என்றாள்.

கட்டளைகளில் ஏழாவதை மட்டும் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள்: *தோட்டை நீக்காமல் போடக் கூடாது.* காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று முட்டைத் தோடுகள் மேலே மிதக்கும். மூடிப் பக்கம் டார்ச் அடித்தால் இறால் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி அடியில் கூடும். ஆரஞ்சு மேகம்போல. அதை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டு மருந்துக் குழாயால் தொட்டியில் விட வேண்டும்.

வியாழக்கிழமை மாலை இதை முதல்முறையாக நானே செய்தேன். டார்ச்சை அடித்ததும் அந்தத் துளிகள் நாலா பக்கத்திலிருந்தும் வெளிச்சத்துக்கு வந்து குவிந்தன. இலவசச் சமோசா என்று மின்னஞ்சல் வந்ததும் எங்கள் ஆபீஸில் நடப்பது இதேதான். துணியில் அலசித் தொட்டியில் விட்டேன். காற்புள்ளிகள் ஒவ்வொன்றும் உடம்பை வளைத்து, குறிபார்த்து, படக்கென்று கவ்வின. அரை மணி நேரத்தில் அறுபது எழுபது ஆரஞ்சு வயிறு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு விம்மியது. நான் ஒரு மேலாளர். மற்றவர்கள் வேலையைச் செய்துவிட்டார்களா என்று கேட்பதுதான் என் தொழில். அதுவரை என் கையால் ஒரு உயிர் சாப்பிட்டு நான் பார்த்தது, எங்கள் சொசைட்டி நாய் என் செருப்பைத் தின்ற அன்றைக்கு மட்டும்தான்.

விம்மிய நெஞ்சோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

என் கண்டுபிடிப்பு

அது ஜனவரி. புனே ஜனவரியில் காலையில் பல் துலக்கும் தண்ணீரே பல்லைப் பிடுங்கும். குளிர்ந்தால் இறால் முட்டை பொரிக்கத் தாமதமாகும் என்று கட்டளை எண் நான்கு சொன்னது. பாட்டில்கள் இருந்ததோ பால்கனியை ஒட்டிய அலமாரியில், மீன் தொட்டிகளுக்குப் பக்கத்தில்.

அங்கே சுவிட்சுகள் எல்லாவற்றுக்கும் மேல் சுமதி சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். தொட்டி ஹீட்டர், ஃபில்டர், பாட்டில்களுக்கான சின்ன ஏர் பம்ப், மூன்றுக்கும். யாரை மனதில் வைத்து ஒட்டினாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய சேதங்கள் எல்லாம் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. டிவிக்குக் கீழே செட்-டாப் பாக்ஸும் வைஃபை ரவுட்டரும் எந்நேரமும் சூடாகத்தானே இருக்கின்றன? வியாழக்கிழமை மாலையே இரண்டு பாட்டில்களையும் மக்கோடு தூக்கி அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏர் பம்பைப் பிடுங்கி, டிவியின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினேன். தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சுமதி திரும்பி வந்ததும் காட்டி அசத்த வேண்டும் என்பதால் அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியின் சுவிட்சுக்கு மேல் சிவப்பு டேப் இல்லை.

வாசலில் ஒரு விசாரணை

இங்கே என் அப்பாவைக் கொண்டுவராமல் முடியாது. கோவையில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால், பூட்டும் சாவியுமாக வாசலில் நின்று ஒரு விசாரணை நடத்துவார்.

"கேஸு?"

"மூடியாச்சுங்க."

"மோட்டாரு?"

"அணைச்சாச்சுங்க."

"பூசை ரூம்பு லைட்டு? அயர்ன் பாக்ஸு? டிவி பெட்டி?"

ஒரு பதில் தடுமாறினாலும் மறுபடி கதவைத் திறந்து மொத்தக் குடும்பமும் உள்ளே போகும். இப்படி நாங்கள் தவறவிட்ட பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் பொள்ளாச்சிவரை நிற்கும்.

அதற்குப் பழிவாங்குவதுபோல நான் வளர்ந்து ஒரு சுவிட்சையும் அணைக்காத மனிதனானேன். மின்விசிறி, கீசர், எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். சுமதி இருபத்திரண்டு வருடமாக என் பின்னாலேயே வந்து அணைத்திருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, அவள் இல்லாத வீட்டில், எனக்குப் பொறுப்பு பொங்கியது. ஒன்றாம் பாட்டிலில் மிச்சமிருந்ததை அள்ளிக் குஞ்சுகளுக்குக் கொடுத்து வீடியோ எடுத்தேன். அந்தப் பாட்டிலைக் கழுவிப் புது முட்டை போட்டேன். இரண்டாம் பாட்டில் மாலைக்குத் தயாராகிவிடும். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, அப்பாவின் விசாரணையை நானே நடத்தினேன். கேள்வியும் நானே, பதிலும் நானே, சத்தமாக.

"கேஸு?" "மூடியாச்சு." "கீசரு?" "அணைச்சாச்சு." "டிவி பெட்டி?"

போய் அணைத்தேன். செருப்போடு.

டிவி அணைந்தது. ரவுட்டர் அணைந்தது. ஏர் பம்ப்பும் அணைந்தது. ஒரு சத்தம் நிற்பதைக் கவனிக்கிற காது எனக்கு இல்லை. காதில் ஏற்கெனவே ஹெட்போன் இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக எல்லாவற்றையும் அணைத்துவிட்ட பெருமிதத்தோடு லிஃப்ட்டில் இறங்கினேன்.

பத்து மணி நேரம்.

பாதி முட்டை

இப்போது மறுபடி வெள்ளிக்கிழமை மாலைக்கு வருகிறேன். பொய் வீடியோவை அனுப்பியாகிவிட்டது. பம்பைப் போட்டேன். தண்ணீர் கலங்கியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பம்பை நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, இரண்டாம் பாட்டிலுக்கு டார்ச் அடித்தேன்.

யாரும் வரவில்லை.

காலையில் போட்ட ஒன்றாம் பாட்டிலின் முட்டைகள் அடியில் படிந்து கிடந்தன. பம்பை மறுபடி போட்டேன். காற்று கிடைத்தால் அவற்றில் சில இனியும் விழிக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நடக்காது. தொட்டியில் காற்புள்ளிகள் நான் நின்ற பக்கமே வந்து மொய்த்தன. வயிறுகள் கண்ணாடிபோல இருந்தன.

சுமதி இருக்கும் மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வழி சொல்லியிருப்பார்கள். ஐந்தரை நிமிடத்தில் சுமதிக்கும் தெரிந்திருக்கும். எனவே இணையத்தைக் கேட்டேன். அவசரத்துக்கு வேக வைத்த முட்டை மஞ்சள் கருவைக் கடுகளவு கரைத்து விடலாம் என்றது.

கடுகளவு. எங்கள் பக்கத்தில் பசித்தவனுக்கு யாரும் கடுகளவு போடுவதில்லை. நான் பாதி மஞ்சள் கருவைக் கரைத்து விட்டேன்.

சனிக்கிழமை காலையில் தொட்டியைப் பார்த்தபோது முதலில் தொட்டி இருக்கும் இடத்தையே காணவில்லை. வெள்ளையாக ஏதோ நின்றது. கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தேன். சில குஞ்சுகள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. சில அடியில் கிடந்தன. ஒன்று ஃபில்டர் பஞ்சில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இழுக்கும் பக்கமெல்லாம் ஆடியது. அது நீந்துகிறது என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் அவள் காத்திருந்தது இதற்குத்தான். பொய் சொன்னபோது வராத வியர்வை எனக்கு அப்போது வந்தது.

இறால் முட்டைத்தூள் டப்பாவின் மூடியில், சுமதி அதை வாங்கிய இடத்தின் சீட்டு ஒட்டியிருந்தது: முருகேஷ், கசார்வாடி, ஒரு எண். அழைத்தேன். "வாங்கோ அண்ணா, வொர்க்ஷாப்லதான் கீறேன்" என்றது குரல்.

முருகேஷ்

குளிரில் மூக்கு ஒழுக ஸ்கூட்டரில் பழைய மும்பை நெடுஞ்சாலைக்குப் போனேன். சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு லேத் பட்டறை. கீழே இரும்புச் சுருள், எண்ணெய் வாசம். மேலே மரப்பலகை போட்ட பரணில் முப்பது மீன் தொட்டிகள். நடுவில் நீலச் சட்டையில் முருகேஷ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கட்கியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலில் வருகிறவர். தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தவராம். மூன்று தலைமுறையில் அவர் தமிழுக்கு வழியில் பார்த்த எல்லா மொழியும் சொந்தமாகிவிட்டது.

"எத்தினி நேரம் பம்ப்பு பந்த் இருந்துச்சு?"

"பத்து மணி நேரம்."

"அரே தேவா! இன்னாத்துக்கு அண்ணா பந்த் பண்ணீங்கோ?"

அப்பாவின் விசாரணையைச் சொன்னேன். முருகேஷ் சிரித்த சிரிப்பில் லேத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. "எங்க தாத்தா பாரூது, அதான் வெடிமருந்துக்கு நடுவுல வேல செஞ்சவரு. ஒரு சுச்சு மறந்தா பூரா கட்கியும் பறந்துடும். அவருகூட மீன் பம்ப்ப அணைச்சதில்லே அண்ணா!"

சிரித்துக்கொண்டே பரணிலிருந்து, மீன் கட்டும் பிளாஸ்டிக் பையில் உப்புத் தண்ணீரோடு உயிருள்ள இறால் குஞ்சுகளை ஊற்றி, காற்றடித்து, ரப்பர் பேண்டு போட்டார். கை நிறைய ஆரஞ்சு. பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"நேத்து நைட்டு இன்னா குட்த்தீங்கோ?"

"முட்டை மஞ்சள் கரு."

"டீக் ஹை. எவ்ளோ?"

"பாதி."

"பாதி ஸ்பூனா?"

"பாதி முட்டை."

முருகேஷ் சிரிப்பதை நிறுத்தினார். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். "சலோ, நானும் வரேன்."

எங்கள் கூடத்தில் நுழைந்து தொட்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, இது டேங்க்கா, பாஸுந்தியா?"

ஆனால் அவர் கைகள் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டன. மெல்லிய குழாயால் அடியில் இருந்ததை எல்லாம் உறிஞ்சி எடுத்தார். இறந்தவற்றை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தார், தூக்கி எறியவில்லை. "தாயி பாக்கணும்னா பாக்கட்டும்" என்றார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. சுமதியை இவர்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய தொட்டியிலிருந்து தண்ணீரை எடுத்து, சொட்டுச் சொட்டாக, ஒரு மணி நேரம் மாற்றினார். நான் வாளி தூக்கினேன். மேலாளருக்கு அது பதவி உயர்வு.

பிறகு இறால் குஞ்சுகளை அலசி விட்டார். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காற்புள்ளி உடம்பை வளைத்தது. படக். இன்னொன்று. படக்.

"காதாய்! தின்னுது!" என்று முருகேஷ் என் முதுகில் அடித்தார். அந்த அடி இரண்டு நாள் வலித்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "பாதி பொயச்சிக்கும் அண்ணா. தாயிகிட்ட நா சொல்ல மாட்டேன். நீங்க சொல்ற வரிக்கும் தாயி ஃபோன நா எடுக்கவும் மாட்டேன். ஜல்தி சொல்லுங்கோ. தாயி ஃபோன எடுக்காம இருந்து எனக்குப் பழக்கம் இல்லே."

அன்று வளைகாப்பு. நல்ல நாளில் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்ற உயர்ந்த பண்பாடு எனக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது. சுமதி அன்று வயிற்றைக் காட்டச் சொல்லவில்லை. நல்லவேளை, வேலை மும்முரம்போல என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போன்றவர்களுக்கு உலகம் இப்படித்தான் சௌகரியமாகப் புரியும்.

ஞாயிறு மதியம்

விமான நிலையத்திலிருந்து அவள் வருவதற்குள் மூன்று ஜோக்குகள் தயார் செய்து வைத்திருந்தேன். முதலாவது பாஸுந்தியைப் பற்றியது. நல்ல ஜோக்தான்.

உள்ளே வந்தவள் பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கை நிறையப் புது வளையல். ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்து எண்ணத் தொடங்கினாள். வளையல்கள் கண்ணாடியில் லேசாக இடித்தன. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு ஜோக்கும் வாய்க்கு வரவில்லை.

"சுமதி, வெள்ளிக்கிழமை..."

"தெரியுங்க."

"முருகேஷ் சொல்லிட்டாரா?"

"அவன் ஃபோனே எடுக்கறதில்லை. ரெண்டு நாளா."

"அப்புறம் எப்படி?"

அவள் திரும்பாமலே சொன்னாள். "ஏழு மணிக்கு வீடியோ அனுப்பறீங்க. அதுல சன்னல்ல வெயில் அடிக்குது."

கணக்கு வாத்தியாரிடம் பொய் சொல்லக் கூடாது.

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா ஜோக் அடிப்பீங்க. அத்தனை சனத்துக்கு நடுவுல நான் அழுதிருப்பேன். என்ற தங்கச்சி வளைகாப்புல மீனுக்கு அழுதேன்னு ஆயிருக்கும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரவுட்டர், டிவி பெட்டி, வாசல் விசாரணை, மஞ்சள் கரு என்று ஒன்று விடாமல் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது உங்களுக்குத் தெரியும். கிண்ணத்தில் இருந்தவற்றையும் காட்டினேன். அவள் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"நீங்களே கேட்டு நீங்களே பதில் சொன்னீங்களா? சத்தமாவா?"

"ஆமா."

"செருப்புக் காலோடயா போய் அணைச்சீங்க?"

"ஆமா அம்மிணி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, வேறா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தபடியே, வேறு குரலில் பேசினாள்.

"போன வருசமும் ஒரு தடவை இலையை வெட்டி வெச்சேன். ஒரு செட்டு பொரிச்சுதுங்க."

"முட்டையே பொரியலைன்னல்ல சொன்ன?"

"சொன்னேன். பொரிச்சு, நாலு நாள் நீந்துச்சு. நான்தான் அவசரத்துல தோட்டோட அள்ளிப் போட்டுட்டேன். வயித்துல தோடு அடைச்சுப்போச்சு. ஆரஞ்சுக்குப் பதிலா பழுப்பா இருந்துச்சு. ஒண்ணொண்ணா..." நிறுத்தினாள். "ஒண்ணுகூட மிஞ்சலை."

ஏழாவது கட்டளையின் இரண்டு சிவப்புக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அப்போது புரிந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"பொரியலைன்னு சொன்னேன். நீங்க 'அப்படியா'ன்னீங்க. காபி கேட்டீங்க. போட்டுக் குடுத்தேன்."

அந்தக் காபி எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நன்றாக இருந்திருக்கும், அவள் போட்டால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். நான் டம்ளரைக் கையில் வாங்கியபோது அவள் முகத்தைப் பார்த்திருப்பேனா? என்னை எனக்குத் தெரியும். பார்த்திருக்க மாட்டேன்.

"சாயந்திரத்துக்கு எந்தப் பாட்டில்?" என்று கேட்டாள்.

"ஒண்ணாம் நம்பரு. பாதிதான் பொரிச்சிருக்கு."

"கொண்டாங்க."

டார்ச்சை நான் பிடித்தேன். அடியில் மெல்லிசாக ஆரஞ்சு கூடியது. அவள் உறிஞ்சினாள், நான் துணியைப் பிடித்தேன். மேலே மிதந்த தோடுகள் ஒன்றுகூட வராமல் அவள் குழாயை நகர்த்திய விதத்தை, மூன்று வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். முப்பத்தேழு வயிறுகள் நிறைந்தன. 'சொல்லிட்டேன்' என்று முருகேஷுக்கு நான் ஒரு செய்தி தட்டினேன். அவள் அவரை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

இதை இந்தத் தொடரில் எழுதலாமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். இத்தனை வாரத்தில் நான் அனுமதி கேட்டது இதுவே முதல் முறை என்பதால் அவள் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தாள்.

"எழுதுங்க. உங்களைப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்கங்க. பாஸுந்தியைக்கூட எழுதுங்க. ஆனா என்ற முதல் செட்டையும் எழுதோணும்" என்றாள். "அதுகளும் நாலு நாள் நீந்துச்சுங்க. விட்டுப்போடாதீங்க."